நாலாவது பிளக்

மார்கழி 20, ஞாயிறு

கார் இருமுகிறது.

காலையில் ஷெட்டைத் திறந்து கிளப்பினேன். கிளம்பியது. தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் நாலைந்து முறை குலுங்கி, பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. ஐம்பத்தாறாம் வருடத்து ஸ்டாண்டர்ட் டென். என்னைவிட வயதில் மூத்தது என்பதால் அதன் இருமலை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தை பதினைந்துக்குள் அது நின்றாக வேண்டும்.

நேற்று இளவேனில் போன் செய்தாள். என் மனைவி அம்சவேணியின் தங்கை கோகிலாமணியின் மகள். பெயர் நான் வைத்தது. தை பதினைந்தில் அவளுக்குக் கல்யாணம். "பெரியப்பா, கோயில்ல இருந்து மண்டபத்துக்கு நான் நம்ம டென்லதான் வருவேன். நீங்கதான் ஓட்டோணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். பிறந்த குழந்தையின் காதில் பெயரை ஓதியவன், இதற்கு மட்டும் மறுப்பதா?

கார் எனக்கும் என் சகலை சென்னியப்பனுக்கும் பொது. வேனிலின் அப்பா அவர். பீளமேட்டில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சேர்ந்துதான் வாங்கினோம். ஸ்பேனர் பிடிப்பது அவர் வேலை. டார்ச் பிடிப்பதும், ஆங்கிலக் கையேட்டைப் படித்துத் தமிழில் சொல்வதும் என் வேலை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு அதற்கு மேல் பொறுப்பு தரக் கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. வண்டி நிற்பது பீளமேட்டுக்குப் பக்கத்தில், கணபதியில், எங்கள் வீட்டு ஷெட்டில்.

ஆடி மாதத்திலிருந்து நானும் அவரும் பேசிக்கொள்வதில்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கையேட்டில் சொன்னபடி எஞ்சினை ஓட விட்டுப் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கழற்றும்போது எஞ்சின் தடுமாறினால் அந்தப் பிளக் வேலை செய்கிறது என்று பொருள். இரண்டாவதைத் தொட்டபோது கையில் ஷாக் அடித்தது. அதுவும் வேலை செய்கிறது என்று பொருள். நாலாவதைக் கழற்றினேன். எஞ்சின் சத்தத்தில் மாற்றமே இல்லை. போய்விட்டது.

அம்சவேணி முறத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒண்டியா எதுக்கு இந்தப் பாடு? அவரக் கூப்புடலாமில்ல?"

"எவரை?"

அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கருவிப் பையைக் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, பிளக் ஸ்பேனரைத் தவிர. அது மெல்லிய இரும்புக் குழாய். ஒரு முனை ஆறு பட்டையாக இருக்கும். மறு முனையில் துளை. துளையில் கம்பியைச் செருகித் திருக வேண்டும். வண்டியோடு பிறந்தது. பீளமேட்டில்தான் இருக்கும், வேறெங்கே போகும்? இருந்துவிட்டுப் போகட்டும். கோயமுத்தூரில் கடைக்கா பஞ்சம்?

மார்கழி 22, செவ்வாய்

புது பிளக் நான்கு வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 14 என்று போட்டிருந்தது. ஹார்டுவேர் கடையில் போய்ப் பிளக் ஸ்பேனர் கேட்டேன்.

"என்ன நம்பருங்க?"

"பதினாலு" என்றேன், பிறந்ததிலிருந்து இதே தொழில் செய்தவன் மாதிரி.

வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால், பேரன் சட்டையைத் தாத்தா போட்டுக்கொள்ளப் பார்த்த கதை. பிளக்கின் தலையிலேயே இறங்கவில்லை. பிறகுதான் கையேட்டை எடுத்தேன். பதினாலு என்பது எஞ்சினுக்குள் போகிற மரையின் அளவாம். ஸ்பேனர் பிடிக்கிற வெளிப்பட்டையின் அளவு இருபத்தொன்றாம். உள்ளே போவதற்கு ஓர் அளவு, வெளியே இருந்து பிடிப்பதற்கு ஓர் அளவு. இதை வாங்குமுன் படித்திருக்கலாம்.

சென்னியப்பன் இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். இல்லாததும் நல்லதுதான்.

மார்கழி 24, வியாழன்

இருபத்தொன்றாம் நம்பர் சாக்கெட் ஸ்பேனர் வாங்கி வந்தேன். மூன்று பிளக்குகளை மாற்றிவிட்டேன். நானே. டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, காற்றில் புரளும் கையேட்டை முழங்கையால் அழுத்திக்கொண்டு. முதல் பிளக்கைக் கழற்றுவதற்குப் பதில் கொஞ்ச நேரம் இறுக்கினேன். அதைத் தவிர ஒரு தவறும் இல்லை. புது பிளக்கை முதலில் கையாலேயே திருகி விட வேண்டும், அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டால் மரை போய்விடும் என்று சென்னியப்பன் சொல்வார். கையேட்டிலும் அப்படியே இருக்கிறது. அவர் கையேட்டைப் படித்ததில்லை.

நாலாவதுதான் மசியவில்லை. இந்த வண்டியை எங்களுக்கு முன்னால் வைத்திருந்த மகானுபாவர் யாரோ, தண்ணீர்க் குழாயை வேறு வழியாகத் திருப்பி விட்டிருக்கிறார். அது நாலாவது பிளக்கை உரசிக்கொண்டு போகிறது. இந்தக் கால சாக்கெட்டுக்குச் சுவர் தடிமன். குழாய்க்கும் பிளக்குக்கும் நடுவே நுழையாது. பழைய ஸ்பேனர் தகடு மாதிரி மெல்லியது, வழுக்கிக்கொண்டு இறங்கும்.

மூன்று புது பிளக்கோடு கிளப்பினேன். இருமல் அப்படியேதான் இருக்கிறது.

முடித்துவிட்டுப் பேக்கரிக்குப் போனேன். இரண்டு டீ சொல்லிவிட்டேன். பழக்கதோஷம். இரண்டையும் நானே குடித்தேன்.

மார்கழி 26, சனி

மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். குனிந்து பார்த்தார்.

"பைப்பக் கழட்டுனா வேல சுளுவுங்க. ஆனா பாருங்க, துரு ஏறிக் கெடக்குது. ஒடஞ்சு போச்சுன்னா இதுக்குப் பைப்பு எங்கீங்க தேடறது?"

"வேண்டாம். உடைய வேண்டாம்."

"இதுக்குன்னே மெல்லிசா ஒரு பாக்ஸ் ஸ்பேனர் வருமுங்களே. வண்டியோட குடுத்திருப்பாங்க. இல்லீங்களா?"

"இருக்கிறது."

"எங்கீங்க?"

"பீளமேட்டில்."

"பீளமேடு இந்தா இருக்குதுங்களே!"

"தூரம்" என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்கழி 29, செவ்வாய்

லேத் பட்டறையில் கொடுத்து சாக்கெட்டின் வெளிச்சுவரைக் கடைந்து மெலிதாக்கி வாங்கி வந்தேன். குழாய்க்கும் பிளக்குக்கும் நடுவே அழகாக இறங்கியது. இறங்கியதும் எனக்கு உண்டான பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கம்பியைச் செருகித் திருகினேன். டப்பென்று ஒரு சத்தம். பிளக் அப்படியே இருந்தது. சாக்கெட் வாயைப் பிளந்துவிட்டது.

மார்கழி 30, புதன்

போகி. வேண்டாததை எல்லாம் தூக்கிப் போடும் நாள் என்று சொல்லிக்கொண்டே அம்சவேணி ஷெட் பக்கம் பார்த்தாள்.

"வேண்டாததுன்னு நீங்களே எழுதி ஒட்டீட்டா, மாப்பள வீட்டுல புதுக் காரே சொல்லிப்போடுவாங்க. எல்லாருக்கும் நிம்மதி."

"வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"அப்ப ஒரு போனப் போட்டு அந்த ஸ்பேனரக் கேளுங்க. ஆறு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறீங்க. என்ன நடந்துதுன்னு எங்க ரெண்டு பேருத்துக்கும் தெரியாது. கோகிலா கேட்டா அவரும் 'எனக்கென்ன தெரியும், உங்க மாமாவக் கேளு'ங்கறாராமா."

எனக்கென்ன தெரியும் என்கிறாரா! சரி. இதுவரை எழுதாததை இன்று எழுதி வைக்கிறேன்.

ஆடி மாதம் பழைய கார் கண்காட்சி நடந்தது. எங்கள் டென்னும் போயிருந்தது. முந்தின நாள் முழுக்க நானும் அவரும் அதைக் குளிப்பாட்டினோம். கண்காட்சியில் ஒரு பத்திரிகைப் பெண் வந்து, பானெட்டின் மேல் கை வைத்து, "இது யாரோட கார் சார்?" என்று கேட்டாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். கையில் துணியோடு. சென்னியப்பன் சொன்னார்: "எங்க காருங்க."

நம்ம என்று சொல்லவில்லை. எங்க.

கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் நாம், நம்ம. கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள், எங்க. எட்டாம் வகுப்புப் பாடம். இத்தனை வருடம் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கியிருக்கிறேன். அவர் பேசியதைக் கேட்டு நின்றது இரண்டு பேர்: அந்தப் பெண்ணும் நானும். அவளோடு சேர்த்து என்னையும் வட்டத்துக்கு வெளியே நிறுத்தினார். எங்க வீடு, எங்க பட்டறை என்று சொல்வோமே, அந்த எங்க. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் கார், சென்னியப்பன், என் முழங்கை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது நான் வாய் திறக்கவில்லை. அவர் இரண்டு முறை என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. அப்புறம் அவரும் வாய் திறக்கவில்லை.

இதைப் போய் மனைவியிடம் சொல்ல முடியுமா? ஓர் எழுத்துப் பிழைக்காகக் கோபித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

தை 1, வியாழன்

பொங்கல். பால் பொங்கியது. போன வருடம் பீளமேட்டுக்குக் கரும்பைக் காரின் ஜன்னலில் நீட்டிக்கொண்டு போனோம். இந்த வருடம் காரை வெளியே எடுக்கவில்லை.

தை 5, திங்கள்

வேனில் வந்தாள். கல்யாண வேலைக்கு நடுவே பெரியம்மாவுக்குப் புடவை கொடுக்க வந்தாளாம். கொடுத்துவிட்டு நேரே ஷெட்டுக்கு வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சின்ன வயதிலும் மிரட்டிக் காரியம் சாதிக்க அங்கேதான் உட்காருவாள்.

"பெரியப்பா, பத்திரிக வெக்க அப்பாவும் அம்மாவும் வந்தன்னிக்கு நீங்க எங்க போயிட்டீங்க?"

"லைப்ரரிக்கு."

"அன்னிக்கு வெள்ளிக்கெழம. லைப்ரரி லீவு."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் பானெட்டைத் திறந்து எதையோ பார்க்க ஆரம்பித்தேன்.

"வண்டி ஓடுமா?"

"ஒரு பிளக்தான் பாக்கி."

"மாப்பிள வீட்டுல வேற கார் ரெடியா வெச்சிருக்காங்க பெரியப்பா. பூவெல்லாம் ஒட்டி, பெருசா. காருக்காக நான் உங்களக் கேக்கல." ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க ஓட்டோணும், அப்பா உங்க பக்கத்துல உக்காரோணும், நான் பின்னாடி உக்காந்து உங்க ரெண்டு பேரோட பொடனியப் பாத்துட்டே போகோணும். சின்ன வயசுல அப்படித்தான போவோம். அதுக்குத்தான் கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலைல நின்னுட்டு அட்சதை போடறதுன்னா, நான் ஆட்டோவுலயே வந்து எறங்கிக்கறேன்."

நான் பிளக்கைப் பற்றியே பேசினேன்.

போகும்போது திரும்பி, "அப்பா கேட்டாரு, பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனாங்களான்னு" என்றாள்.

ஊற்றவில்லை. அவள் போனதும் ஊற்றினேன்.

அவள் கேட்டது எனக்கு வலித்தது. ஒரு பெண் குழந்தை கல்யாணத்துக்கு இதையா கேட்க வேண்டும்.

தை 6, செவ்வாய்

உக்கடம் போனேன். பழைய வண்டிச் சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். கடைசியில் ரவூஃப் பாய் என்பவரிடம் அனுப்பினார்கள். கடைக்குள் நிற்க இடமில்லை. ஹெட்லைட்டும் ஸ்டியரிங்கும் கூரையில் தொங்குகின்றன. நான் விவரம் சொல்ல ஆரம்பித்ததுமே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெல்லிசு பாக்ஸ் ஸ்பேனர். ஸ்டாண்டர்ட் டென்னுக்கு. நாலாவது பிளக்குல பைப்பு இடிக்குது. அதான?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருஷக் கணக்கா எவனும் கேக்காத சாமானு சார். இப்ப என்னடான்னா ரெண்டு பேரு. போன வாரம் ஒருத்தர் வந்து உயிர எடுத்துட்டாரு. அதுக்கு முன்னாடியே மார்கழி கடைசி பூரா வந்தாரு, வந்து வந்து பாத்துட்டுப் போனாரு. ஒரு பழைய எஞ்சின் லாட்டுல ஒண்ணே ஒண்ணு வந்துது. எடுத்து வெச்சுக் குடுத்துட்டேன்."

"யார் அவர்?"

"பீளமேட்டுக்காரரு. மோட்டாரு காயில் கட்றவராம். கைல வார்னீஷ் வாசன."

நான் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பழைய ஸ்பேனர் அவரிடம் இருக்கிறது என்றல்லவா நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்! இருந்தால் ஏன் தேடுகிறார்? வண்டியே கையில் இல்லாத மனிதர் திரும்பத் திரும்ப உக்கடத்துக்கு வந்து பிளக் ஸ்பேனர் தேடியிருக்கிறார்.

"வண்டி யாருதுன்னு சொன்னாரா?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"கேட்டனே. 'எங்க வண்டிதாம்பா, எங்க சகல வூட்ல நிக்குது'ன்னாரு. போன் நம்பரு இருக்கு சார், வேணுமா? பேசிப் பாருங்க, ஒரு நாளைக்குக் குடுப்பாரு. நல்ல மனுசன்." சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருந்ததைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். பாதி வாசிப்பதற்குள் மீதி என் மனதில் ஓடி முடிந்துவிட்டது.

"வேண்டாம் பாய். தெரியும்" என்றேன்.

எங்க வண்டி, எங்க சகலை வீட்டில் நிற்கிறது. கேட்பவர் ரவூஃப் பாய். அவர் வெளியே. உள்ளே இருப்பது அவரும் நானும் என்று சொல்லும்போதே தெரிகிறது.

இலக்கணப்படி சரிதான்.

தை 7, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

மாலையில் அம்சவேணி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பொதுவாக ஒரு சந்தேகம் என்று சொல்லி, ஒரு கேள்வி கேட்டேன்: "இரண்டு பேருக்குச் சொந்தமான ஒரு பொருளைப் பற்றி மூன்றாவது ஆள் ஒருத்தி கேட்கிறாள். இருவரும் அங்கேயே நிற்கிறார்கள். ஒருவர் பதில் சொல்கிறார். 'நம்ம' என்று சொல்ல வேண்டுமா, 'எங்க' என்று சொல்ல வேண்டுமா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "'நம்ம'ன்னா அந்தப் புள்ளைக்கும் பங்குன்னு ஆயிப்போகாதா? 'எங்க'ன்னுதான் சொல்லோணும். இதப் போயி ஒரு கேள்வின்னு..." சட்டென்று உரிப்பதை நிறுத்தினாள். "ஏனுங்க. அந்தக் கார் ஷோவுல போட்டா எடுக்க ஒரு புள்ள வந்துச்சுன்னீங்களே."

"நான் பொதுவாகக் கேட்டேன்."

"ஆறு மாசம்!" என்றாள். "ஒரு 'எங்க'வுக்கு ஆறு மாசம்! கடவுளே!" முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்து "கோகிலா, ஒக்காந்துட்டுக் கேளு" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

பீளமேடு அவ்வளவு ஒன்றும் தூரமில்லை. செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

தை 9, வெள்ளி

பஸ் ஏறிப் பீளமேடு போனேன்.

பட்டறையில் அவர் ஒரு மோட்டாருக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். தலை இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை வேட்டியில் துடைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாங்க சகல."

"பிளக் ஸ்பேனர் இருக்கிறதாமே."

"இருக்குதுங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

குடித்தேன். மேசையின் இழுப்பறையைத் திறந்து எடுத்து வைத்தார். துருவெல்லாம் போகத் தேய்த்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருந்தார். கூடவே புதிதாகச் செய்த ஒரு கம்பி.

"வாங்கி வைத்தவர் கொடுத்து விட்டிருக்கலாமே. வேனில் வந்தாள், அவளிடமாவது" என்றேன்.

"நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன்."

"நீங்க கொடுப்பீங்க என்று நான் பார்த்தேன்."

"போன வாரம் வரைக்கும் இல்லாதத எப்படிக் கேக்கறது, எப்படிக் குடுக்கறதுங்க?" என்றார். "பழசு தொலஞ்சு போச்சு. உங்க பையில இல்லீன்னு கோகிலா சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அன்னிக்கு ஷோ முடிஞ்சு சாமானக் கட்டறப்ப, நீங்க எடுத்து வெச்சிருப்பீங்கன்னு நான் நெனச்சுட்டேன்."

நான் அவர் எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். எப்போதும் ஒருவர் எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் பேரைச் சொல்லி வாங்கிப் பையில் போடுவோம். அன்றைக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. வண்டியோடு பிறந்த ஸ்பேனர் அந்த மைதானத்துப் புல்லில் கிடந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

அவர் ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டுதான் வந்தோம். ஆனால் எங்க, நம்ம என்ற இரண்டு சொல்லையும் இருவரும் மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தோம். அந்த வண்டி, அந்த வண்டி என்றே ஓடியது. கோகிலாமணி எல்லாம் சொல்லியிருக்கிறாள் என்பது அதிலேயே தெரிந்தது. அவர் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை.

ஷெட்டில் நான் டார்ச்சைப் பிடித்தேன். ஸ்பேனர் குழாய்க்கும் பிளக்குக்கும் நடுவே சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு திருகு. கடகடவென்று பிளக் கழன்று வந்தது. கரிக்கட்டை மாதிரி இருந்தது. புதியதைக் கையாலேயே திருகி உள்ளே விட்டார். நான் கையேட்டைப் பிரித்தேன்.

"படிக்கட்டுமா?"

"படிங்க. அது இல்லாம வேல ஓடாது."

படித்தேன். அவர் ஏற்கெனவே செய்து முடித்ததைத்தான் படித்தேன்.

கிளப்பியதும் எஞ்சின் இருமவில்லை. தையல் மிஷின் மாதிரி ஓடியது. அம்சவேணி வாசலுக்கு வந்து நின்றாள். ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை, அதுவே பெரிய விஷயம். நானும் அவரும் பேக்கரிக்குப் போனோம். இரண்டு டீ சொன்னேன்.

சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

தை 12, திங்கள்

காருக்கு மெழுகுப் பூச்சு. அவர் இடது பக்கம், நான் வலது பக்கம். அவர் பக்கம்தான் பளபளப்பு அதிகம் என்கிறார். இல்லை.

தை 15, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மண்டபத்துக் கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

காலையில் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு நான் ஓட்டினேன். சென்னியப்பன் பட்டுச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். வேனில் பின்சீட்டில். கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் அவள் வெளியே வேடிக்கை பார்க்காமல், எங்கள் இரண்டு பேரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மை கலைந்துவிடும் என்று சொன்னேன். கேட்கவில்லை.

மண்டப வாசலில் மேளம் முழங்க நின்றோம். மாப்பிள்ளையின் பெரியப்பாவாம், பெரிய மீசைக்காரர், பானெட்டைத் தட்டிக்கொடுத்தபடி, "அருமையான வண்டி! யாரோட காருங்க இது?" என்றார்.

சென்னியப்பன் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் காரில். வாயைத் திறந்தவர், என்னைப் பார்த்தார். என் சகலைக்கு வியர்த்தே விட்டது.

"எங்க ரெண்டு பேருதுமுங்க" என்றார். "எனக்கும், இவருக்கும். இவரு எங்க சகல. ரெண்டு பேரும் சேந்து, ஆளுக்குப் பாதி, நானும் அவருமா..."

நான் எஞ்சினை அணைத்தேன்.

"'எங்க'ன்னாப் போதும் சகலை. நாம ரெண்டு பேரும் அதுக்குள்ளேயேதான் இருக்கிறோம்."

மீசைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்சீட்டில் வேனில் வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னியப்பன் மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைக்கப் போனவர், அப்படியே திரும்பி, ஒரு தூசியும் இல்லாத பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.